நாலரைப் பேருந்துக்குப் பிறகு

பூச்சியக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் தோட்டக்காரர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். கைவிடப்பட்ட கல்குவாரிக்குள் ஒரு பெண்பிள்ளை பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரே செடியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பது? பிறகு வாசல் காவலாளி அப்படிக் கூப்பிட்டார், பேருந்து நடத்துநர் கூப்பிட்டார். கடைசியில் அவளே ஃபோனை எடுத்தால் "பூச்சியக்கா பேசறேன்" என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டாள்.

அதற்கு முன் அவளுக்கு ஒரு பெயரும் இல்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு, அதன்மேல் மைக்ராஸ்கோப், அதன்மேல் அவள் கண். யாருடைய ரத்தம் என்று தெரியாது. மாடியில் யாரோ பிழைத்தார்கள், யாரோ போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கு வந்ததெல்லாம் ஒட்டுச்சீட்டு போட்ட குப்பிகள்தான். பிறகு எண்ணுகிற இயந்திரம் வந்தது. அது சரியாக எண்ணுகிறதா என்று சரிபார்க்கிற வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள். சரியாகத்தான் எண்ணியது. அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அம்மா படுக்கையில் இருந்தாள். அம்மாவுக்கு இருட்டு ஆகாது. விளக்குப் போடும் நேரத்துக்கு மகள் பக்கத்தில் இல்லையென்றால் கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பாடு போடுவாள். அம்மா போனபோது தம்பி வந்தான், எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தான், போகும்போது, "எங்க கூட வந்துடுக்கா. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்றான். அவன் நல்லவன். அவன் மனைவியும் நல்லவள். இரண்டு நாள் போய்த் தங்கினால் மூன்றாம் நாள் பூச்சியக்காவுக்கு மூச்சு முட்டும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவள் அறைக்குள் நுழைந்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் கல்குவாரி வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.

மலையைப் பாதி தின்றுவிட்டு விட்ட குழி அது. காடு வளர்க்கிற வாரியம் அதில் மண் கொட்டி, செடி நட்டு, மறுபடியும் காடாக்கப் பார்த்தது. நகரத்துக்கும் அந்தக் குழிமேல் ஒரு கண். குப்பை கொட்ட அதைவிட வாகான இடம் கிடையாது. கடைசியில் ஒரு உடன்பாடு ஆனது. மூன்று பருவத்துக்குள் குழிக்கு உயிர் திரும்பிவிட்டால் அது காட்டுக்கு, இல்லாவிட்டால் குப்பைக்கு. உயிர் திரும்பியதா என்று எப்படித் தெரியும்? செடி நட்டால் செடி இருக்கத்தான் செய்யும், தண்ணீர் ஊற்றினால் பச்சையாகத்தான் நிற்கும். பூச்சியை யாரும் நட முடியாது. அது தானாக வந்து, பூவில் உட்கார்ந்து, மகரந்தத்தை அள்ளி, பக்கத்திலேயே கூடு கட்டினால்தான் இடம் பிழைத்தது என்று அர்த்தம். அதைப் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும்.

"சின்ன விஷயத்தை ரொம்ப நேரம் பாக்க முடியுமா உங்களால?" என்று நேர்காணலில் கேட்டார்கள்.

"அது ஒண்ணுதான் முடியும்" என்றாள்.

தினமும் காலைப் பேருந்தில் போவாள். கயிறு கட்டிய சதுரங்கள் பக்கத்தில் முக்காலியைப் போடுவாள். எது வருகிறது, வந்து என்ன செய்கிறது, குடிக்கிறதா, அள்ளுகிறதா, சும்மா இளைப்பாறுகிறதா என்று கோடு போடுவாள். மதியம் தகரக் கொட்டகையின் நிழலில் டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். நாலரைக்குக் கடைசிப் பேருந்து. நாலேகாலுக்கே வாசலில் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி கூப்பிடுவான்.

"என்னக்கா, எப்போ வர்றே?"

"இந்தப் பருவம் முடியட்டும்டா. வேலை கழுத்தைப் பிடிக்குது."

அவன் மேலே கேட்கமாட்டான். வேலை என்ற ஒரு சொல் போதும், வாயடைத்துவிடும். அந்தக் குழி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு பங்கென்றால், இந்தப் பதிலைக் கொடுத்தது மூன்று பங்கு.

முதல் பருவம் ஈ ஓட்டினாள். ஓட்டுவதற்கும் ஈ இல்லை என்பதுதான் சங்கடம். இரண்டாவது பருவத்தில் எறும்பு வந்தது, நாலைந்து வண்ணத்துப்பூச்சி வழிதவறி வந்ததுபோல வந்துவிட்டுப் போனது. தேனீ வகையில் ஒன்றிரண்டு தலைகாட்டியதோடு சரி. தோட்டக்காரர் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் விசாரிப்பார்.

"என்ன பூச்சியக்கா, இன்னிக்கு எத்தனை பேர் விருந்துக்கு?"

"நீங்க வந்திருக்கீங்களே, அதான் விருந்து."

"நான் பூவுக்கெல்லாம் வாய் வைக்கமாட்டேன். எனக்கு டீதான்."

அவர் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். அவள் 'அண்ணே' என்பாள், அவர் பெயர் வைத்த பாவத்துக்கு 'அக்கா' என்பார். ஒரு நாளில் அவள் பேசுகிற மொத்தப் பேச்சும் இந்த நாலு வரிதான் என்பது அவருக்குத் தெரியாது.

மூன்றாவது பருவம், கடைசிப் பருவம், பூ விரிந்ததும் எல்லாம் மாறியது. ஒரு வாரத்துக்குள் செடிகள் முழுக்கத் தேனீ. இரைச்சல் காதை அடைத்தது. கோடு போட்டுக் கை ஓய்ந்தது. வாரியம் கேட்ட அளவு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் வந்துவிட்டது. அன்றைக்குப் பேருந்தில் அவளாகவே நடத்துநரிடம் "வந்துட்டாங்க" என்றாள். "யாரு, சொந்தக்காரங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திராமல் முன்னால் போனார்.

ஆனால் எண்ணுகிறவள் கண் சும்மா இருக்காது. பூவில் என்ன செய்கிறது என்று பார்த்துப் பழகியவள், பூவை விட்டு எங்கே போகிறது என்றும் பார்த்தாள். கால் நிறைய மஞ்சள் பொடியோடு ஒரு தேனீ எழும்பியது. அரைவட்டம் போட்டது. கிழக்குச் சுவருக்கு மேலே போனது. அடுத்ததும் கிழக்கு. அதற்கடுத்ததும். எல்லாம் ஒரே சொல்படி நடக்கிற மாதிரி ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தன. இங்கேயே கூடு கட்டியவை என்றால் ஆளுக்கொரு பக்கம் அல்லவா போகும்?

முக்காலியைத் தூக்கிக்கொண்டு கோட்டின் கூடவே நடந்தாள். சுவர் வந்தது. முக்காலிமேல் ஏறி எட்டிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக மரப்பெட்டிகள். எல்லாப் பெட்டிகளுக்கும் தலையில் தோட்டக்காரரின் கொட்டகைத் தகரம்.

இறங்கி நேராக நாற்றங்காலுக்குப் போனாள்.

"அண்ணே, சுவருக்கு அந்தாண்ட என்ன அது?"

தோட்டக்காரர் ஒரு நாற்றின் வேரை ரொம்பக் கவனமாகப் பார்த்தார். "எது?"

"பெட்டி."

"ஓ, அதுவா. என் மச்சானோடது. தேன் பெட்டி. அவன் பாட்டுக்கு வச்சிருக்கான்."

"உங்க தகரத்தைப் போட்டா?"

நாற்றைக் கீழே வைத்தார். "சரி, நான்தான் வைக்கச் சொன்னேன். என்ன இப்போ? நீங்க தினமும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நாலரை பஸ்ஸுக்குப் போறீங்க. பூச்சி வரலை, பூச்சி வரலைன்னு. உங்களுக்குத் தேவை பூச்சி. அவன்கிட்ட இருக்கு. இதுல என்ன குத்தம்?"

"அண்ணே, பரீட்சை எழுதற பையனுக்கு வாத்தியாரே ஜன்னல் வழியா பதில் சொன்ன மாதிரி இருக்கு இது."

"பாஸாகணுமா வேண்டாமா?"

"அதுங்க இங்க சாப்பிட மட்டும்தான் வருது. குடியிருக்கல. பெட்டியைத் தூக்கினா அடுத்த நிமிஷம் காலி."

"அப்போ தூக்க வேண்டாம்! விட்டுடுங்க!" குரல் உயர்ந்தது. "மூணு வருஷம் தோள்ல தண்ணி சுமந்து வளர்த்திருக்கேன் ஒவ்வொண்ணையும். அதும்மேல லாரி லாரியா குப்பை கொட்டறதைப் பாக்கணுமா நான்? உங்களுக்கென்ன, பொட்டியைக் கட்டிக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிடுவீங்க."

தம்பியைப் பற்றி எப்போதோ ஒரு தடவை அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று தெரியாது. சொன்னது போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது.

அன்று சாயங்காலமே பெட்டித் தேனீக்களின் கோடுகளையெல்லாம் குறுக்கே அடித்து நீக்கினாள். மிச்சம் இருந்தது முதல் பருவத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதை அப்படியே அனுப்பினாள். மறுநாள் பெட்டிகள் போய்விட்டன. தோட்டக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டார். "இனிமே உங்க சரிவை நீங்களே பாத்துக்கோங்க" என்று காவலாளி மூலமாகச் சொல்லியனுப்பியதோடு சரி. அவள் உட்காருகிற மேற்குச் சரிவில் அவர் அரிவாள் படவில்லை. களை இடுப்புவரை வளர்ந்தது, பூத்தது, காய்ந்து குச்சியாக நின்றது.

அந்த நாட்களில் அவள் டப்பாவைத் திறக்கும் சத்தம்கூட அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. விருந்துக்கு எத்தனை பேர் என்று கேட்க ஆள் இல்லை. நடத்துநர் "என்ன பூச்சியக்கா, சொந்தக்காரங்க போயிட்டாங்களா?" என்று தற்செயலாகக் கேட்டபோது, "ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாரியத்திலிருந்து அதிகாரி வந்தாள். சின்ன வயசு, தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே பாதி குழியைச் சுற்றி வந்துவிட்டாள். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினாள்.

"இவ்வளவையும் நீங்களா அடிச்சீங்க?"

"ஆமாம்மா. அது வளர்ப்புத் தேனீ."

"அடிக்காம அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அது எனக்குத் தெரியும்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். குழி யாருக்கு என்று முடிவு செய்கிற குழு அடுத்த மாதம் கூடப்போகிறது என்றாள். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அங்கே போய் வாயைத் திறக்க முடியாது என்றாள். பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று கேட்டாள்: "சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் பாப்பீங்க?"

"நாலரைக்கு பஸ்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பஸ் இல்ல."

அதிகாரி சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக வருத்தப்படுகிறவள் மாதிரி பூச்சியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், நாமெல்லாம் சாப்பிட வர்றதை எண்ணியிருக்கோம். தூங்கறதைப் பாக்கவே இல்ல. மண்ணுல வளை போடற தேனீ இருக்கு. பொம்பளைங்களுக்குத்தான் வளை. ஆம்பளைங்களுக்கு வீடே கிடையாது. பொழுது சாயறப்போ ஏதாவது ஒரு குச்சியைத் தாடையால கவ்விக்கிட்டு அப்படியே தொங்கித் தூங்கும். தினமும் அதே குச்சி. அதுங்க தூங்குதுன்னா பக்கத்துல வளை இருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் இருந்தாலும் போதும். நூறு விருந்தாளியைவிட அது பெரிய சாட்சி."

அதிகாரி போன பிறகு பூச்சியக்கா வெகுநேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பருவமாக அந்தக் குழியின் சாயங்காலத்தை அவள் பார்த்ததே இல்லை. எதற்காக ஓடினாள்? விளக்குப் போடும் நேரத்துக்கு அவளைத் தேடிக் கூப்பாடு போட மாடி அறையில் யாரும் இல்லை. அம்மா போன பிறகும் அவள் அம்மாவுக்காகப் பேருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாலரைப் பேருந்து வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

முதல் சில நாட்கள் ஒன்றும் இல்லை. நட்ட செடிகளையெல்லாம் கிளை கிளையாகப் பார்த்தாள். பூக்கள் மூடின, பாறைகள் சூடு விட்டன, எங்கிருந்தோ ஒரு குருவி கத்தியது. பிறகு இருட்டத் தொடங்கும். அவள் பெரிய சாலைவரை நடந்துபோய் ஏதாவது வண்டியைக் கைகாட்டி ஏறுவாள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, திரும்பிப் போகக் குறுக்குவழியாக மேற்குச் சரிவில் இறங்கினாள். காய்ந்த குச்சிகள் புடவையில் சிக்கின. விடுவிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

ஒரு குச்சியில் மொட்டு விட்டிருந்தது. காய்ந்த குச்சியில் ஏது மொட்டு? இன்னும் கிட்டப் போனாள். தேனீக்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக, குச்சியை வாயால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, உடம்பு அந்தரத்தில். வயிற்றில் நீலப் பட்டைகள். கடைசி வெளிச்சத்தில் அந்த நீலம் மட்டும் அணையாமல் இருந்தது. ஒன்றுக்கு இடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பக்கத்திலிருந்ததைப் பின்காலால் ஒரு உதை விட்டது. உதை வாங்கியது கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் கவ்விக்கொண்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஃபோனை எடுத்தாள். பெயர்களை மேலும் கீழும் தள்ளினாள். அதிகாரிக்கு ஒரு படம் அனுப்பினாள், அதுவும் மங்கலாக. தோட்டக்காரரின் கொட்டகையைப் பார்த்தாள். கதவு சாத்திப் பூட்டியிருந்தது. ஃபோனை உள்ளே வைத்துவிட்டு இருட்டும்வரை நின்றாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புல்வெட்டும் மிஷின் சத்தம் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று புரிந்ததும் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அண்ணே! நிறுத்துங்க! அண்ணே!"

மேற்குச் சரிவில் பாதி மொட்டையாகியிருந்தது. தோட்டக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்தார். முகத்தில் ஒரு வெட்கம். "குழு வருதாமே. உங்க சரிவு மட்டும் காடு மாதிரி கிடந்தா உங்களைத்தானே பேசுவாங்க. அதான், போனா போகுதுன்னு..."

சமாதானத்துக்கு வந்த மனுஷன். அவளால் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. முந்தின நாள் பார்த்த குச்சி எந்தப் பக்கம் என்று தேடினாள். அது இருந்த இடம் மொட்டையான பாதியில் இருந்தது.

"சாயங்காலம் இருங்க" என்றாள். "என்ன பண்ணியிருக்கீங்கன்னு காட்டறேன்."

இருவரும் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்தார்கள். வெயில் இறங்கியதும் அவை வந்தன. குச்சி இருந்த இடத்தில், காற்றில், சுற்றிச் சுற்றி வந்தன. இறங்கிப் பார்த்தன, ஏறின, மறுபடி அதே இடத்துக்கு இறங்கின. சில கிளம்பிப் போய்விட்டன. கடைசியில் ஒன்று, வெட்டாமல் விட்ட பாதியில் ஒரு குச்சியைக் கண்டுபிடித்துக் கவ்வியது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு நாலைந்து.

தோட்டக்காரர் குனிந்து, மூக்கு படும் அளவுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"வாயாலேயா பிடிச்சிருக்கான்?"

"ஆமா."

"தூங்கறானா?"

"ஆமா."

"என் மச்சான் தூங்கறப்போ வாய் திறந்துல்ல கிடக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் விருந்து சாப்பிட ஆளைக் கூட்டிட்டு வந்தேன். இவனுங்க யாரும் கூப்பிடாமலே வந்து படுத்திருக்கானுங்க" என்றார். மிஷினை அன்றைக்கு அவர் தோளில் வைத்துத் தூக்கிப் போனார், உருட்டினால் சத்தம் வரும் என்று.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அதிகாரி வந்தாள். தூங்குகிற தேனீக்களின் முதுகில் மெல்லிய தூரிகையால் வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். புள்ளி வைத்தவை மறுநாளும் வந்தன, அதற்கு மறுநாளும் வந்தன. சரிவின் அடியில், மண் வெட்டிய கரையில், பென்சில் நுழையும் அளவுக்கு வளைகள் இருந்தன. பெண் தேனீக்கள் மகரந்தத்தோடு அதற்குள் நுழைவதை மூன்று பேரும் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். குழு கூடியது. கேள்வி கேட்டது. கடைசியில் குழி காட்டுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

காடு என்று ஆகிவிட்ட இடத்தை உட்கார்ந்து எண்ண ஆள் தேவையில்லை. வேறு ஏதாவது வந்தால் கூப்பிடுகிறேன் என்றாள் அதிகாரி. உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் எப்போது என்று அவளுக்கும் தெரியாது. தோட்டக்காரரை நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். "அப்பப்போ வாங்க" என்று அவர் வாசல்வரை வந்து சொன்னார். வருகிறேன் என்றாள். பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்று வாசலில் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதைப் பார்க்காத மாதிரி பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான்.

"என்னக்கா, எப்படிப் போகுது வேலை?"

"முடிஞ்சுடுச்சுடா. குழி பாஸ்."

"அட! அப்போ கிளம்பி வா. ரூமைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்றேன்."

மூன்று வருடமாக இந்த இடத்தில் அவளுக்காக வேலைதான் பதில் சொன்னது. இப்போது அது இல்லை. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"நான் வரலைடா."

"ஏன், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. வரலை, அவ்வளவுதான்."

"நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமாக்கா?"

"இல்லடா. தங்கமா வச்சுக்கிட்டீங்க. எனக்கு இங்கதான் இருக்கணும் போல இருக்கு."

"தனியா என்ன பண்ணுவே?"

"தெரியல."

இப்படி உள்ளதை உள்ளபடி அவனிடம் சொல்லி எத்தனையோ காலம் ஆயிற்று. சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. லேசானதில் ஒரு துணிச்சலும் வந்தது.

"நீ ஒரு தடவை இங்க வந்து என்கூட ரெண்டு நாள் இரேன். சும்மா. நீ மட்டும்."

"வரணும்க்கா. கண்டிப்பா வரணும்" என்றான் உடனே. பிறகு மெதுவாகச் சொன்னான்: "இந்த மாசம் ஆஃபீஸ்ல ஆளே இல்ல. அடுத்த மாசம் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. அது முடியட்டும்... வேலைதான்க்கா, கழுத்தைப் பிடிக்குது."

எல்லாம் நியாயமான காரணங்கள். ஒவ்வொன்றின் எடையும் அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் இதே சரக்கைத்தான் அவளும் அவனுக்கு விற்றாள். அவன் ஒரு தடவைகூடத் திருப்பித் தராமல் வாங்கிக்கொண்டான்.

"சரிடா. முடிஞ்சப்போ வா" என்றாள்.